உப்புக்குச் சப்பாணி

அல்லைப்பிட்டியில் இருந்துகொண்டு உப்பைக் காசு கொடுத்து, அதுவும் தோடம்பழ வாசம் போட்டு வாங்குகிற ஒரே ஆம்பிளை தன்னுடைய மனுசன்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. மறுத்துப் பேச வழியில்லை. ரோட்டைக் கடந்தால் கடல். கோடை முற்றினால் கிணற்றுத் தண்ணீரும் உவர். குடிதண்ணீர் பவுசர் வரும் திசையைப் பார்த்துக் குடங்களை வரிசை வைத்துப் பழகிய சனம் நாங்கள். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடிய ஆலை. அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்துவிட்டு மனிசி சொன்னா: “அரசாங்கம் கோடி கோடியாய்க் கொட்டித் தண்ணியிலை இருந்து உப்பை எடுக்குது. இவர் தன்ரை காசிலை அதைத் திரும்பப் போடுறார்.” 2025இல் நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினார்களே, அந்த நாட்களிலும் எங்கள் வீட்டு அலுமாரியில் குழாய் குழாயாக உப்பு இருந்தது. அதைப் போட்டுச் சொதி வைக்க முடியாது என்பதுதான் குறை.

காரணம் பிறசர். கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர், என் மகன் வயது இருக்கும், பட்டியை என் கையில் இறுக்கிவிட்டு, காற்று இறங்கி முடியும்வரை முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருந்தார். பிறகு இரண்டு விசயம் சொன்னார். “உப்பைக் குறையுங்கோ ஐயா. உடம்பை அசையுங்கோ.” நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டி கூட முழுதாக வராது. கருவாட்டுப் பொரியலோ மோர்மிளகாயோ இல்லாமல் சோறு இறங்காத எனக்கு முதலாவது கட்டளை நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆகவே இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது என்னை முதலாவதுக்கு நேர் எதிரான திசையில் இழுத்துக்கொண்டு போனது.

மகன் கொழும்புக்குப் படிக்கப் போகையில் விட்டுப்போன கியர் சைக்கிள் மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. துடைத்து எண்ணெய் விட்டு வெளிக்கிட்டேன். அல்லைப்பிட்டி தாண்டினால் மண்கும்பான், அடுத்தது தீவுக்கே நல்ல தண்ணீர் தந்த கிணறுகளுள்ள சாட்டி, பிறகு வேலணை வங்களாவடி, வாணர் பாலம், புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு வழிக்கே இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அதிலே வாணர் பாலம் இருக்கிறதே, இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பூவரசு கிடையாது. சோளகக் காற்று எழும்பின மாதங்களில் பெடலை மிதித்தால் முன்னுக்குப் போகலாம் என்ற விதி அங்கே செல்லாது. நயினாதீவு அம்மனுக்கு அர்ச்சனைச் சாமான்களோடு போகிற பஸ் சனம் யன்னலால் என்னைப் பார்த்துக் கை காட்டும். சைக்கிளில் ஏறி நின்று கடல் பார்க்கிற ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கறுப்புச் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டால் முதுகில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் விழுந்திருக்கும். மனிசி விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “உப்பெடுக்க ஆனையிறவுக்கு ஏன் போகவேணும்?” என்றா. இதை அவ தன் தம்பிக்கு ரெலிபோனில் சொல்லிச் சிரித்ததுதான் வினையாகியது. அவன் ரொறன்ரோவில் மரதன் ஓடுகிறவன். “அத்தான், சிரிக்கிற விசயம் இல்லை. நீங்கள் உப்பு வேர்வைக்காரன். வெறும் தண்ணி குடிச்சுக்கொண்டு ஓடப்படாது. இலெக்ரோலைற் எடுக்கோணும்” என்றான். என் வேர்வைக்கு ஒரு தனி வகை இருக்கிறது, அதற்குக் கனடாவில் பெயரும் இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த பார்சலில் சொக்கிளேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் அந்தக் குழாய்கள் வந்து இறங்கின. தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு கரைகிற வில்லைகள். ஒன்றில் 300 மில்லிகிராம் சோடியம், சீனி பெயருக்கு ஒரு கிராம்.

வில்லைகள் முடிந்தபோது ஆராய்ச்சி தொடங்கியது. விலை பார்த்து வாங்க இங்கே ஒன்றும் ரொறன்ரோ இல்லை. கலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வேர்வை லீற்றருக்கு 500 முதல் 1,800 மில்லிகிராம்வரை சோடியம் கொண்டுபோகும். ஆளுக்கு ஆள் வேறு. கடையில் விற்கிற விளையாட்டுப் பானங்களில் லீற்றருக்கு ஏறக்குறைய 450 மில்லிகிராமும் 60 கிராம் சீனியும். இந்தச் சாதியின் மூத்த பிள்ளை கேற்றரேட். 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கேட் என்ற டொக்டர், வெயிலில் சுருண்டு விழுகிற அமெரிக்க உதைபந்தாட்டப் பெடியளுக்காக உப்பு, சீனி, தண்ணீர் கலந்து செய்தது. முதல் கலவையை வாயில் வைக்க முடியவில்லையாம். தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் விட்டுப் பாருங்கோ என்று சொன்னவர் அவருடைய மனைவி மேரி. இதை என் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. “பாத்தீங்களே” என்று மட்டும் சொன்னா. அந்த ஒரு சொல் ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்தது.

கலண்டர்த் தாளில் அடுத்த பெயர் ஜீவனி. எங்கள் நாட்டில் வயிற்றால் போனால் முதலில் தேடுகிற பக்கற். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுச் சூத்திரப்படி ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சிற்றேற்று. சோடியமும் குளுக்கோசும் சோடி சேர்ந்து வந்தால்தான் குடற்சுவரில் ஒரு வாசல் திறக்கும். அவை போகிற கையோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். 1971இல் வங்கதேச அகதிகள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தபோது, போங்கான் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டொக்டர் சேலைன் தீர்ந்துபோய், இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து சொந்தக்காரர் கையாலேயே பருக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இவ்வளவு பெரிய சாமானைச் சைக்கிள் போத்தலில் ஊற்றினால் என்ன என்று தோன்றியது.

பாமசியில் பன்னிரண்டு பக்கற் கேட்டேன். கடைக்காரத் தம்பி கையை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தான். “வயித்தாலையோ ஐயா?” இல்லை என்றேன். “பிள்ளையளுக்கோ?” இல்லை, சைக்கிள் ஓடத்தான் என்றேன். அவன் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. நான் வீட்டுக்கு வந்து சேருமுன்னமே செய்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, “தம்பி, எந்தக் கலியாண வீட்டிலை சாப்பிட்டனியள்?” என்று கேட்டா. அடுத்த நாள் காலை சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி எங்கள் கிணற்றைச் சுற்றிப் பார்த்தார். மலசல கூடத்துக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்தார். குளோரின் போடச் சொல்லிவிட்டு, கேற்றடியில் நின்று குரலைத் தணித்து, “வீட்டிலை எத்தனை பேருக்கு?” என்றார். மனிசி உள்ளேயிருந்து, “ஒராளுக்குத்தான் சேர், ஆனால் அது வயித்திலை இல்லை” என்று சொல்லித் தலையைத் தொட்டுக் காட்டினா.

ஜீவனி சைக்கிளுக்குச் சரிவரவும் இல்லை. ஒரு லீற்றரில் சோடியம் மட்டும் 1,700 மில்லிகிராம். நாள் முழுவதுக்கும் எனக்கு அளந்து விட்டது 2,000. குறிகட்டுவானில் ஒரு போத்தலை முடித்தால், அன்றைக்கு மத்தியானம் கருவாட்டை மணந்துதான் பார்க்கலாம். மிதிக்கிற காலுக்கு வேண்டிய சீனியும் அதில் போதாது. மணித்தியாலக்கணக்கில் ஓடுகிறவனுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்துத் தேவை. ஜீவனி உயிரைக் காப்பாற்றும். காற்றுக்கு எதிரே வாணர் பாலத்தைத் தாண்டிவிடாது.

அப்போதுதான் வீட்டுச் சாமான்கள் பக்கம் திரும்பினேன். இளநீரை எல்லாரும் இயற்கை இலெக்ரோலைற் என்பார்கள். பொற்றாசியம் நிறைய இருக்கிறது. வேர்வையோடு கூடப் போகிற சோடியம் அதில் கொஞ்சம்தான். தவிர, கைபிடியில் இரண்டு செவ்விளநீரும் இடுப்பில் கத்தியுமாக விடியப்புறம் வீதியில் போகிறவனைப் பார்த்து நாய்கூட நல்லெண்ணம் கொள்ளாது. கருப்பணி கொண்டுபோய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு குறைந்த கருப்பணி, வெயில், மேடுபள்ளமான ரோட்டுக் குலுக்கல், மூன்றும் சேர்ந்து புங்குடுதீவு தாண்டுமுன் போத்தலுக்குள் சங்கதி மாறிவிட்டது. திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம்தான். ஆனாலும் சைக்கிள் நேராக வரவில்லை.

கூழைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கணக்கில் அதைவிட நல்ல பானம் கிடையாது. ஒடியல் மாவில் மாச்சத்து. நண்டு, இறால், திருக்கை, உப்பு எல்லாவற்றிலும் சோடியம். பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, புளி எல்லாவற்றிலும் பொற்றாசியம். விளையாட்டுப் பானம் செய்கிற எந்தக் கொம்பனியும் இவ்வளவு சாமான் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்த கூழில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் ஊற்றி வெளிக்கிட்டேன். செத்தல் மிளகாயை நான் கணக்கில் எடுக்கவில்லை. மண்கும்பானில் ஒரு மிடறு குடித்தேன். சாட்டிவரைக்கும் என்னை யாரும் முந்தவில்லை. பிறகு போத்தலின் வாய் அடைத்துக்கொண்டது. உறிஞ்சினேன், நசித்தேன், கவிழ்த்துத் தட்டினேன். ஒரு நண்டுக்கால் குறுக்கே கிடந்து அசைய மாட்டேன் என்றது. வங்களாவடிச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, ஈர்க்கால் நண்டுக்கால் கிண்டிக்கொண்டு நின்ற என்னைக் கண்டவர்கள் இன்றைக்கும் கோயிலில் கண்டால் விசாரிக்கிறார்கள். மீனும் நாரும் கொழுப்பும் சேர்ந்த ஆகாரம் இரைப்பையை விட்டு மெல்லத்தான் இறங்கும் என்பதும், ஓட்டத்துக்கு நடுவில் அது ஆகாது என்பதும் பிறகு வாசித்து அறிந்தவை. புங்குடுதீவு ஏறும்போது வயிறு எனக்கு அதைத் தன் பாசையில் முன்னமே சொல்லிவிட்டது.

மாமிதான் வழி காட்டினா. எண்பதைத் தாண்டியவ; கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தலை நடத்திய கை. பரணில் இருந்து ஒரு சாடியை இறக்கி, உப்பில் ஊறிக் கறுத்துப்போன தேசிக்காய் ஊறுகாய் ஒன்றை எடுத்து, குளிர்ந்த பானைத் தண்ணீரில் போட்டு விரலால் பிசைந்தா. தோலும் கொட்டையும் அடியில் படிய, தண்ணீர் மண்நிறமாகக் கலங்கியது. நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, கையாலேயே கலக்கி நீட்டினா. “உதைக் குடியும் தம்பி. தேர் இழுத்த பெடியளுக்கு நாங்கள் உதுதான் குடுத்தனாங்கள். சக்கரைத்தண்ணி ஒரு கிடாரம், ஊறுகாய்த்தண்ணி ஒரு கிடாரம். சனம் இதிலை ஒண்டு, அதிலை ஒண்டு குடிக்கும்.” உப்பு ஒரு பக்கம், சீனி மறு பக்கம், கலக்கிற வேலையைத் தேர் இழுத்தவன் வயிறு பார்த்துக்கொள்ளும்.

சதை குறண்டுகிறதுக்கும் அது மருந்து என்றா. நான் நம்பவில்லை, 2010இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையை வாசித்த பிறகுதான் மாமிக்கு ஒரு முழ வேட்டி மரியாதை கூடியது. மின்சாரத்தால் தூண்டிச் சதைப்பிடிப்பை வரவழைத்து, ஊறுகாய்ப் போத்தலில் மிஞ்சிய புளித்தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தபோதைவிட அப்போது பிடிப்புச் சீக்கிரம் விட்டது, ஒன்றரை நிமிசத்துக்குள். உப்பு இரத்தத்தில் சேர அவ்வளவு நேரம் போதாது. தொண்டையில் படுகிற அந்தப் புளிப்பின் அதிர்ச்சியே நரம்பைத் தளர்த்துகிறது என்று நினைக்கிறார்கள். மாமியின் ஊறுகாய்த் தண்ணீர் தொண்டையில் பட்டால் நரம்பு மட்டுமல்ல, முன்னோரும் எழும்புவார்கள்.

இவ்வளவு ஞானமும் சேர்ந்த பிறகு நான் அளவில்லாமல் குடிக்கத் தொடங்கினேன். தாகம் எடுக்குமுன் குடி என்று மச்சான் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டேன். ஓட முதலும் முடிந்த பிறகும் நிறை பார்க்கவேண்டும், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் வேர்வை என்பது கணக்கு. வீட்டில் தராசு இல்லை. கடற்கரை வாடியில் நண்டு நிறுக்கிற மேடைத் தராசில் விடியப்புறம் ஏறினேன், திரும்பி வந்தும் ஏறினேன். மீன் ஏலத்துக்கு நின்ற சனம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. முள்ளு முன்னுக்குப் போயிருந்தது. நாற்பது கிலோமீற்றர் மிதித்து நிறை கூடிய மனிதனை அவர்கள் கண்டதில்லை. “ஐயா, கிலோ என்ன விலைக்குப் போகிறியள்?” என்று ஒருவன் கேட்டான். “ஐஸ் போட்டு வந்தவரோ?” என்று இன்னொருவன்.

சிரித்துவிட்டு விடக்கூடிய விசயமில்லை இது. வேர்த்ததைவிடக் கூடக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும், மூளை வீங்கும். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடிமுடிக்கையில் நிறை கூடியிருந்தவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். அந்த ஓட்டத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தும் போனார். விளையாட்டுப் பானம் குடித்தால் தப்பலாம் என்றும் இல்லை. இரத்தத்தைவிட அதில் சோடியம் மிகக் குறைவு. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு என்பதுதான் இப்போது வைத்தியர்கள் சொல்வது.

“இதைச் சொல்ல ஒரு மரதன் வேணுமே?” என்று கேட்டா மனிசி. அவவிடம் எப்போதும் இரண்டு ஆயுதம் உண்டு. ஒன்று, முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா. 2023இல் எழுபதைத் தாண்டிய வயதில் பிலிப்பைன்சுக்குப் போய் வேகநடையில் தங்கம் வாங்கி வந்தவ. மற்றது, வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்கு நீரிணையை இந்தியாவுக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். “அவர் என்ன வில்லையைக் கரைச்சுக் குடிச்சவர்?” என்பா. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அதைக் குடித்தால் வெளியேற்ற அதைவிடக் கூடத் தண்ணீர் வேண்டும், அவ்வளவு தண்ணீருக்குள்ளும் கடல்நீச்சல்காரன் தாகத்தோடுதான் நீந்துகிறான் என்று நான் விளங்கப்படுத்துவேன். அவ அதற்குள் குசினிக்குப் போய்விடுவா.

சித்திரை வருசப்பிறப்புக்கு ஊர்ப் பெடியள் சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். அல்லைப்பிட்டிச் சந்தியில் இருந்து வேலணை போய்த் திரும்புவது. நானும் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். செயலாளர்த் தம்பி அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினான். “ஐயா, உங்கடை அனுபவத்துக்கு உங்களை ஓட விடுறது சரியில்லை. உங்களைத் தாகசாந்திக்குப் பொறுப்பாய்ப் போட்டிருக்கிறம்.” படிவம் அவன் சேர்ட்டுப் பைக்குள் போய்விட்டது.

விடியப்புறம் 50 லீற்றருக்குக் கலந்தேன். 3 கிலோ சீனி, 75 கிராம் உப்பு, 50 தேசிக்காய். லீற்றருக்கு 60 கிராம் சீனி, 600 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறையச் சோடியம். புளோரிடாவுக்கு ஒரு அங்குலமும் குறையாது. ருசி பார்த்த மாமி ஒன்றும் பேசாமல் சாடியைத் திறந்து நாலு ஊறுகாயைப் பிசைந்து விட்டா. அதோடு 50 லீற்றரின் விஞ்ஞானம் போனது, வாசம் வந்தது. வாசத்துக்குச் சனமும் வந்தது. ஸ்பீக்கர் கட்டினவன் மூன்று கிளாஸ், பாண்ட் வாத்தியக்காரர் ஆளுக்கு இரண்டு, பார்க்க வந்த கிழவர்கள், வேடிக்கைக்கு நின்ற ஓட்டோக்காரர், நேர்த்திக்கு வந்ததுபோல் வரிசையில் நின்ற பெண்டுகள். “அண்ணை, இது ஓடுறவைக்கு” என்று நான் கத்தினது ஸ்பீக்கர்ச் சத்தத்தில் அமிழ்ந்தது. முதலாவது பெடியன் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து கிளாசை நீட்டியபோது கிடாரத்தின் அடியில் கறிவேப்பிலையும் ஒரு தேசிக்காய்க் கொட்டையும் இருந்தன. “பரவாயில்லை ஐயா” என்றவன் பைப்படிக்குப் போய்க் கையை ஏந்திப் பச்சைத்தண்ணி குடித்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு அதுவே போதும் என்று என் கலண்டர்த் தாளிலும் எழுதித்தான் இருந்தது.

கணக்குக் கூட்டத்தில் பொருளாளர் என் துண்டை வாசித்தார். சீனி 3 கிலோ, சரி. தேசிக்காய் 50, சரி. “உப்பு 75 கிராம்… இதுக்குப் பற்றுச்சீட்டு?” சங்கக்கடையில் 75 கிராம் உப்புக்கு யார் பற்றுச்சீட்டு எழுதித் தருவான் என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

“உப்புக்கு அவருக்கு என்னத்துக்குக் கடை? சேர்ட்டை உதறியிருப்பார்.”

சபை சிரித்து ஓய்ந்ததும் அந்த 75 கிராமைக் கணக்கில் வெட்டிவிட்டார்கள். குரல் மனிசியினுடையது மாதிரித்தான் இருந்தது. தான் அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறா.